ஆற்றை மாணவர்கள் அளக்கட்டும்
தாமிரபரணியில் கழிவுநீர் கலப்பதை 2024-இல் உயர் நீதிமன்ற நீதிபதிகளே நெல்லைக்கு வந்து பார்க்க நேர்ந்தபின், கரையோரப் பள்ளிகள் சுற்றுச்சூழல் பாடத்தை இனியும் வகுப்பறைக்குள் முடித்துவிடக் கூடாது. அப்பாடத்தைக் கட்டாயமாக்க உச்ச நீதிமன்றம் 1991-இலேயே பணித்தது; வந்த பாடம் மனப்பாடமாகிப்போனது. ஆற்றின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். மேலே கலப்பதன் சுமை இங்கே வந்து சேர்கிறது, வடகால், தென்கால் வாய்க்கால்கள் அந்த நீரைத்தான் வாங்கிச் செல்கின்றன. அணைக்கு மேலும் கீழும் மாதம் ஒருமுறை வெப்பநிலை, கலங்கல், அமில-காரத்தன்மை, கரைந்த ஆக்சிஜன் ஆகியவற்றை அளப்பது ஒன்பதாம் வகுப்புக்கு எட்டாத வேலையல்ல. கல்லடியில் மேஃபிளை பூச்சியின் இளவுயிரிகள் இருந்தால் நீர் பெரும்பாலும் நலம். ரத்தப்புழு மட்டுமே நெளிந்தால் சாக்கடை கலக்கிறது என்று ஐயப்படலாம். இதற்கு ஆய்வகமே வேண்டாம், கண் போதும். பிள்ளைகளை ஆற்றுக்கு அனுப்பப் பெற்றோர் அஞ்சுவது நியாயமானது. 2023 டிசம்பர் வெள்ளத்தை இவ்வூர் மறக்காது. எனவே வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம்; பாலத்திலிருந்து கயிறு கட்டிய வாளியில் நீர் எடுத்தால் போதும். இதற்கான நேரத்தையும் கருவிகளையும் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணையும் பள்ளிக் கல்வித்துறை இந்தக் கல்வியாண்டிலேயே ஒதுக்க வேண்டும். அளவீடுகளைப் பேரூராட்சி அலுவலக வாசலில் மாதந்தோறும் ஒட்ட வேண்டும்.