முட்டைக் கணக்கில் இலை எங்கே?

சிலந்தி மரபணு ஏற்றிய பட்டுப்புழுவை வியட்நாமில் வளர்க்கிறது, 2006இல் தொடங்கிய அமெரிக்க நிறுவனமான கிரெய்க் பயோகிராஃப்ட். அதில் பணம் போட்டவர்கள் சொல்வது இது: ஒரு தாய்ப்பூச்சி 400 முட்டை இடுகிறது, தலைமுறைக்கு ஒன்றரை, இரண்டு மாதம் போதும், ஆகவே ஓராண்டில் டன் கணக்கில் நூல் வராவிட்டால் அது ஏமாற்று.

ஒன்று. பாதி முட்டை பெண் என்றால் மூன்றாம் தலைமுறையில் 1.6 கோடி முட்டை. சரி. 40,000 புழுவுக்கு ஏறக்குறைய ஒரு டன் மல்பெரி இலை வேண்டும். நாலாம் தோலுரிப்புக்குப் பிறகு, கடைசி ஒரு வாரத்தில்தான் அதில் பெரும்பங்கைத் தின்னும். தட்டில் போட்ட இலை கண்ணெதிரே காம்பாகிவிடும். ஆக 1.6 கோடிக்கு 400 டன். நல்ல பாசனத்தில் ஏக்கருக்கு ஓர் அறுவடையில் நாலு டன் கிடைக்கும். அந்த நூறு ஏக்கரை யார், எப்போது நட்டார்கள்?

இரண்டு. நூலெடுக்கக் கூட்டை அவிக்க வேண்டும், உள்ளிருப்பது செத்துவிடும். முட்டைக்கு விட்டால் பூச்சி கூட்டைத் துளைத்து வெளிவரும், இழை அறுந்துவிடும். ஒரே கூட்டை இரண்டு வரவிலும் எழுதலாமா?

மூன்று. வெயில். கடலூர், சிதம்பரம் பக்கத்து மே மாதத்தில் வெண்பட்டுப் புழு வளர்த்துப் பாருங்கள், எல்லா மாதமும் வளர்ப்புக்கு ஆகாது என்று தெரியும்.

பணம் போட்டவர்களில் கடலூர்க்காரர்களே இப்படிப் பேசுவதுதான் எரிச்சல். பெரியகுப்பத்தில் நாகார்ஜுனா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை பாதியில் நின்றதைப் பார்த்தவர்கள் நாம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தது, உற்பத்தி தொடங்கவேயில்லை. தேதி தவறியது எல்லாம் ஏமாற்று ஆகிவிடுமா?

நிறுவனம் சொன்ன தேதி தவறினால் தட்டிக் கேளுங்கள். எத்தனை ஏக்கர் மல்பெரி நிற்கிறது, விதைக்கு எத்தனை கூடு ஒதுக்கினார்கள் என்று கேளுங்கள்.