சமதரைப் பயணம்

மலையேறப் போகிறவர் முன்கூட்டியே ஆயத்தஞ் செய்கின்றனர். சமதரைதானே என்று புறப்படுபவரே அல்லலுறுகின்றனர். இதனை நமக்குக் கற்பித்தது வங்காலை.

மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதிக்கு அண்மையில், 4,839 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கிறது வங்காலைச் சரணாலயம். 2008 இல் சரணாலயமாகவும் 2010 இல் ராம்சார் ஈரநிலமாகவும் அது அறிவிக்கப்பெற்றது. உவர்ச் சேறும், கண்டலும், முட்புதரும் அங்குண்டு; மலையென்று சொல்ல எதுவுமில்லை.

முன்பொரு முறை, தொலைவில் தெரிந்த பூநாரைக் கூட்டத்தை நோக்கிப் பிள்ளைகளுடன் நடந்தோம். நடக்க நடக்க அஃது அகன்றது. திரும்புகையில் எதிர்காற்று, ஒதுங்க நிழலில்லை, தண்ணீரும் தீர்ந்துவிட்டது. இளையவள் மணலில் அமர்ந்து அழுதாள். அன்றிரவுதான் உண்மை புலனாயிற்று: அகன்றது நிலமன்று, நமக்கு அஞ்சிய பறவைகளே!

இவ்வாண்டு தை மாதப் பயணத்துக்கு இப்பொழுதே திட்டமிட்டுள்ளோம். விடியுமுன் புறப்படுவோம். கொண்டுசெல்லும் தண்ணீரில் மூன்றிலொரு பங்கு தீர்ந்ததும், எங்கு நின்றாலும் திரும்பிவிடுவோம். தலைக்குத் தொப்பி, பிள்ளைகளுக்குத் தொலைநோக்கி.

பறவைகள் தலை தூக்கினால் அவ்விடத்திலேயே நின்றுவிடுவோம். மத்திய ஆசியாவிலிருந்து வரும் ஊசிவால் வாத்துகள் இங்கு உண்டு சேர்க்கும் வலுவே அவற்றின் மீள்பயணத்துக்குக் கட்டுச்சோறு. நம் களிப்புக்காக அதனைச் சிதறடித்தல் தகுமோ?

நேயர்களே, போகும் தூரத்தை மட்டும் அளவாதீர். மீளும் தூரத்தையும் அளந்து புறப்படுங்கள்.