விற்பதற்கல்ல, எமக்காக

சகோதரிகளே, சனி, ஞாயிறு வந்துவிட்டால் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது? ஆண்களுக்கு ஓய்வு. பிள்ளைகளுக்கு டியூசன், அது முடிந்தால் விளையாட்டு. எமக்கோ கிழமை முழுவதும் சேர்ந்த உடுப்புகளைத் தோய்க்க வேண்டும், ஒட்டறை தட்ட வேண்டும், சந்தைக்கும் போய்வர வேண்டும். உத்தியோகம் பார்க்கும் பெண்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம். இந்நிலையில் "வார இறுதியில் வீட்டில் ஏதாவது புதிதாகச் செய்து பாருங்கள்" என்று நான் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரலாம். என்றாலும் சொல்லத்தான் போகிறேன்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த நாட்களில் ஆன் ஓக்லி என்ற பிரித்தானியப் பெண் ஆய்வாளரின் நூலொன்றை வாசித்தேன். இலண்டனில் சிறு பிள்ளைகளையுடைய 40 இல்லத்தரசிகளைச் சந்தித்து, வீட்டு வேலை பற்றி அவர் கேட்டறிந்தவை 1974 இல் நூலாக வெளிவந்தன. அப்பெண்கள் கிழமைக்குச் சராசரியாக 77 மணித்தியாலங்கள் வீட்டு வேலை செய்தார்கள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதும், எதையும் முழுதாய்ச் செய்ய முடியாமல் துண்டு துண்டாய்ச் செய்வதும், எந்நேரமும் அவசரப்படுவதுமே அவர்களுடைய முறைப்பாடுகள். உடுப்பு அயன் பண்ணுவது அவர்களுக்கு ஆகவும் பிடிக்காத வேலை. பிடித்தது சமையல். ஏனென்றால் அதிலே சொந்தக் கற்பனைக்குக் கொஞ்சமாவது இடமிருக்கிறது.

இலண்டன் பெண்ணுக்கும் எமது ஊர்ப் பெண்ணுக்கும் எவ்வளவு ஒற்றுமை பார்த்தீர்களா? நாமாக விரும்பித் தெரிவு செய்த ஒரு வேலை, தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வேலை, களைப்பிலும் மனதுக்கு ஆறுதல் தருகிறது.

எல்லாவற்றுக்கும் விலையா?

கிராமங்களில் மகளிர் சங்கக் கூட்டங்களுக்குப் போகும்போது ஒன்றைக் கவனிக்கிறேன். ஒரு பெண்ணுக்குத் தைக்கத் தெரியும் என்றால், உடனே "சுயதொழில் தொடங்கலாமே" என்கிறோம். ஊறுகாய் நன்றாகப் போட்டால் "போத்தலில் அடைத்து விற்கலாமே" என்கிறோம். வருமானம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் சந்தை இல்லாத இடத்தில் கடனை வாங்கித் தொழில் தொடங்கி அல்லற்பட்ட பெண்கள் எத்தனை பேர்! வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்களுக்கு 2018 இல் அரசாங்கமே நுண்கடன் நிவாரணம் அறிவிக்க வேண்டியிருந்ததை நாம் மறந்துவிட முடியாது.

கிளிநொச்சியில் ஒரு கூட்டத்திற்கு, கணவனை இழந்த ஒரு தாய் தான் தைத்த போர்வையொன்றைக் கொண்டுவந்திருந்தார். பழைய சேலைத் துண்டுகளை அடுக்கிக் கையால் தைத்தது. பக்கத்திலிருந்த பெண் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, உதை என்ன விலைக்குக் குடுப்பியள்?" என்று கேட்டார்.

"இது விக்கிறதுக்கில்லை தங்கச்சி. அம்மாவின்ர சீலை. என்ர மகள் போர்த்துப் படுக்கிறதுக்கு."

அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் இருந்த பெருமையை நான் எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கண்டதில்லை. அவருடைய வீட்டில் விலை போடப்படாத பொருள் ஒன்று இருக்கிறது. அதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க அவரால் முடிகிறது.

சேலைப் போர்வை

அவரிடம் கேட்டறிந்த முறை இது. தோய்த்துத் தோய்த்து மெதுமையான நூற்சேலை ஒன்றை எடுங்கள். நைலக்ஸ், பட்டு வேண்டாம். அவை வழுக்கும். நைலக்ஸ் வியர்வையையும் உறிஞ்சாது. சேலை ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் நீளமிருக்கும். அதை மூன்றாக வெட்டினால் ஒவ்வொன்றும் 1.8 மீற்றர் வரும். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாயில் சுருக்கமில்லாமல் விரித்து, மூலைகளில் பாரம் வையுங்கள். முதலில் நீண்ட தையல்களால் தற்காலிகமாகப் பிடித்து வைத்துவிட்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஓர் அங்குல இடைவெளியில் நூலோட்டம் போடுங்கள். கடைசியாக ஓரங்களை உள்ளே மடித்துத் தையுங்கள்.

வங்காளப் பெண்கள் இதையே 'காந்தா' என்கிறார்கள். சேலைக் கரையிலிருந்து உருவிய வர்ண நூலாலேயே அவர்கள் தைத்து வந்தார்கள். ஒரு சனிக்கிழமையில் இது முடியாது. அரை மணித்தியாலம் தைத்துவிட்டு மடித்து வையுங்கள். அடுத்த சனிக்கிழமை விட்ட இடத்தில் தொடரலாம்.

பேசினில் பொன்னாங்காணி

2022 இன் பொருளாதார நெருக்கடியின்போது, வீட்டில் பயிரிடுவதற்கென்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். லீவு கிடைக்காத எமக்கும் ஓர் இலகுவான வழி உண்டு. சந்தையில் வாங்கிய பொன்னாங்காணியின் இலையை ஆய்ந்த பின், தண்டுகளை வீசாதீர்கள். மூன்று நான்கு கணுக்கள் உள்ள தண்டுகளைத் தெரிந்து, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி நடுங்கள். உடைந்த பேசின், உரப்பை எதுவானாலும் சரி. அடியில் துளை இடுவது அவசியம். இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும், டெங்குக் காய்ச்சல் வரும். பாதி மண்ணும் பாதி கூட்டெருவும் போதும். முதல் சில நாட்கள் நிழலில் வையுங்கள். ஒரு மாதமளவில் நுனிகளைக் கிள்ளலாம். அடித்தண்டை விட்டுவிட்டால் திரும்பத் தழைக்கும்.

நட்ட பேசினுக்குப் பொறுப்பாக வீட்டிலுள்ள கடைசிப் பிள்ளையை நியமியுங்கள். முதல் சுண்டல் அந்தப் பிள்ளையின் பெயரில் சமைக்கப்படட்டும்!

சூடாய் ஒரு தேநீர்

இதற்குப் பொருள் எதுவும் வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்து, மிச்சத்தை ஆறிப்போன பிறகு நின்றபடியே குடிப்பது எம்மில் பலருக்குப் பழகிவிட்டது. வெளிச்சமான யன்னலோரம் ஒரு கதிரையைப் போடுங்கள். ஞாயிறு பின்னேரம் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ரீயும் ஒரு துண்டு பனங்கட்டியுமாக அதில் அமர்ந்து, சூடு ஆறுமுன் குடித்து முடியுங்கள். அதுவரை யார் கூப்பிட்டாலும் "கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லலாம். உலகம் இடிந்துவிடாது.

நேரத்தை யார் தருவது?

நேரம் தானாக வராது சகோதரிகளே. சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் எமக்கு வேண்டுமென்றால், அந்த ஒரு மணித்தியால வேலையை வேறொருவர் செய்ய வேண்டும். தேங்காய் துருவ மகனுக்குத் தெரியாதா? காய்ந்த உடுப்பை மடிக்கக் கணவரால் முடியாதா? "உதவி செய்யுங்கோ" என்று கெஞ்சத் தேவையில்லை. வீடு எல்லோருடையதும் என்றால் வீட்டு வேலையும் எல்லோருடையதுதான். ஆண் துணையில்லாத வீடுகளில் இது கடினம் என்பதை அறிவேன். அங்கே இரண்டு மூன்று பெண்கள் ஒரு முற்றத்தில் கூடித் தைக்கலாம். ஒருவர் பிள்ளைகளைப் பார்க்க, மற்றவர்களின் கைகள் ஓடும்.

இந்தச் சனிக்கிழமையே பெட்டியைத் திறந்து ஒரு பழைய சேலையை வெளியே எடுங்கள். அது யாருடையது, எந்த நல்ல நாளில் உடுத்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே முதல் தையலைப் போடுங்கள்.