மதர்போர்டுக்கு எதற்கு ஜரிகை?

கேம்ஸ் விளையாடக் கம்ப்யூட்டர், 'அசெம்பிள்' செய்யும் பிள்ளைகள் பலர், 'விலை உயர்ந்த மதர்போர்டு போட்டால் தான் வேகம் கிடைக்கும்' என்கின்றனர். எனக்கு இதில் உடன்பாடில்லை.

விளையாட்டின் வேகம் கிராபிக்ஸ் கார்டிலும், பிராசசரிலும் தான் இருக்கிறது. அவை இரண்டையும் மாற்றாமல், 12 ஆயிரம் ரூபாய் போர்டிலும், 50 ஆயிரம் ரூபாய் போர்டிலும் ஓட்டினால், வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. கூடுதல் பணம் எதற்கு? ஓவர்கிளாக் வசதி, கூடுதல் எஸ்.எஸ்.டி., யு.எஸ்.பி., இணைப்புகள், அப்புறம் அந்தக் கலர் விளக்குகள்! (அதற்கு சீரியல் பல்பு கட்டினால் செலவு குறைவு.)

அதற்காக, இருப்பதிலேயே மலிவானதையும் வாங்கி விடாதீர்கள். பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டை, பிராசசருக்கு ஏற்றபடி ஏறக்குறைய 1 வோல்ட்டாகக் குறைக்கும் பகுதி, மதர்போர்டில் இருக்கிறது, 'வி.ஆர்.எம்.,' என்பர். அது அளவுக்கு மீறிச் சூடானால், பிராசசரின் வேகம் தானாகவே குறைக்கப்படும். எங்கள் கீரனூர் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே இது சாதாரண விஷயமா? அந்தப் பகுதியின் மேல் அலுமினிய, 'ஹீட் சிங்க்' இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சாக்கெட் எது என்றும் கேளுங்கள். 2018ல் வந்த, 'பி450' போர்டுகள் பலவற்றில், பயாசைப் புதுப்பித்ததும், 2022ல் வந்த, 'ரைசன் 7 5800எக்ஸ்3டி' பிராசசரையே பொருத்த முடிந்தது. புது போர்டு செலவு மிச்சம்! டி.டி.ஆர்., 4 ராமை மட்டும், டி.டி.ஆர்., 5 போர்டில் செருக முடியாது; வெட்டு இருக்கும் இடமே வேறு.

மக்காச்சோளம் விற்ற காசை அப்பா நீட்டினால், மிச்சத்தில் பாதியை அவரிடமே கொடுங்கள். மீதியில் கிராபிக்ஸ் கார்டை ஒரு படி உயர்த்தி, ஒரு யு.பி.எஸ்.,சும் வாங்குங்கள். மழைக்காற்றில் கரன்ட் போய்ப் போய் வரும் ஊரில், அதை மறந்து விட்டு, போர்டுக்குப் பணத்தைக் கொட்டுவது எனக்குப் புரியவே இல்லை!