எதிர்வீட்டில் கேட்டிருக்கலாமே, ஐயா

முதியோர் உதவித்தொகைக் கோப்பில் கையெழுத்திடும் அதிகாரி அவர்களுக்கு,

உங்கள் பெயரையோ அலுவலகத்தின் பெயரையோ இங்கே எழுதவில்லை. அடுத்த மாறுதல் உத்தரவில் நீங்கள் போய்விடலாம், நாற்காலி இங்கேதான் இருக்கும். இது அந்த நாற்காலிக்கு. குறைதீர் நாளில் மனு கொடுத்தோம், நினைவூட்டும் போட்டோம். ‘உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று செல்பேசிக்குத் தகவல் வந்தது. உரிய அலுவலர் நீங்கள்தான் என்பதால் ஊரறிய எழுதுகிறேன். விதிகளை எடுத்துச் சொல்லப் போவதில்லை. அவை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரே ஒரு அம்மாவைப் பற்றி மட்டும் பேசுவோம். இராஜபாளையத்தை அடுத்த பேண்டேஜ் துணித் தறிகளில் ஆயுளில் பாதியைக் கழித்தவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. கணவர் இல்லை. மகன் திருப்பூருக்குப் போனதோடு சரி. ஐப்பசி மழை பிடித்து வாடை திரும்பினால் இளைப்பு வந்துவிடும். படுக்க முடியாமல் விடிய விடியச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். போன கார்த்திகையில் அது முற்றிப்போய், தெருக்காரர்கள் ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர் அங்கே ஆக்சிஜன் வைத்துக்கொண்டு கிடந்த வாரத்தில்தான் உங்கள் ஊழியர் கள ஆய்வுக்கு வந்தார். கதவு பூட்டியிருந்தது. ‘முகவரியில் வசிக்கவில்லை’ என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த மாதம் பணம் ஏறவில்லை.

எதிர்வீட்டு வாசலில் ஒரு பெண் பூ கட்டிக்கொண்டிருந்தார். ஆட்டோவில் கூடவே போய்ச் சேர்த்துவிட்டு வந்தவர் அவர்தான். உங்கள் ஊழியர் அவரைப் பார்த்தார், கேட்கவில்லை. அரசாங்கத்தின் ஒரு பதிவேட்டில் கட்டில் எண்ணோடு இருந்தவர், அதே வாரத்தில் அரசாங்கத்தின் இன்னொரு பதிவேட்டில் ஊரிலேயே இல்லாதவராகிப் போனார். இருமிக்கொண்டே உங்கள் அலுவலகத்துக்கு வந்து, வசிக்கிறேன் என்று அவரே சொன்ன பிறகும், வசிக்காததால் நிறுத்தப்பட்டதாகக் கடிதம் வந்தது. கடிதம் அதே முகவரிக்குத்தான் வந்தது. அவரே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

2023 ஆகஸ்டில் ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்த தொகை அது. மாத்திரைக்கும் பாலுக்கும் போக மிச்சமிருந்தால் வெந்நீர் வைக்க விறகு.

‘இங்கே என்ன ஊட்டிக் குளிரா?’ என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் சிரித்தார். தெர்மாமீட்டரைப் பார்த்தால் சிரிப்பு வரும் குளிர்தான். மேற்கே மலையிலிருந்து இறங்கும் பனிக்காற்று ஓட்டுக்கூரை இடுக்கில் நுழைவதும், பழுதான நுரையீரல் அதை வாங்கிக்கொள்வதும் தெர்மாமீட்டரில் தெரியாது. ராத்திரி மூச்சு திணறினால் யாரைக் கூப்பிடுவது என்பது எந்தப் படிவத்திலும் இல்லை.

முன்பு இந்தப் பணம் மணியார்டரில் வந்தது. தபால்காரர் பத்து ரூபாய் பிடித்துக்கொண்டார் என்ற புகார் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் மாதம் ஒருமுறை கதவைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள் இருந்தார். பூட்டியிருந்தால் பக்கத்தில் விசாரிப்பார். பணம் வங்கிக்கு மாறியபோது அந்த விசாரிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

இன்றைக்கும் தட்டுகிற கைகள் இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறார். 2025 ஆகஸ்டிலிருந்து தாயுமானவர் திட்டத்தில் முதியோர் வாசலுக்கு ரேஷன் வண்டி வருகிறது. அந்த அம்மா இருப்பது இவர்களுக்கெல்லாம் தெரியும். ஒருவரோடு ஒருவர் பேசுவதற்குத்தான் அரசாணை வரவில்லை போலும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கைசிக ஏகாதசியன்று ஆண்டாளுக்கும் ரங்கமன்னாருக்கும் 108 போர்வைகள் சாத்துகிறார்கள். பனிக்காலம் வந்துவிட்டது, தாயாருக்குக் குளிருமே என்ற கவலை. நானும் கைகூப்பி நின்று சேவித்தவன், குறை சொல்ல மாட்டேன். அந்த ஆண்டாள் திருப்பாவையில் ஆறாம் பாட்டிலிருந்து பதினைந்தாம் பாட்டுவரை என்ன செய்கிறாள்? வீடு வீடாகப் போய்த் தோழிகளை எழுப்புகிறாள். கதவு திறக்கவில்லை, ஆகவே வசிக்கவில்லை என்று எழுதிக்கொண்டு போகவில்லை. உங்கள் கடிதத்தின் தலையில் அரசு முத்திரையாக அச்சாகியிருப்பதும் அந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம்தான். (மதுரைக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அது வேறு வழக்கு.)

தனிமையோடு தொடர்புடைய சாவுகள் உலகத்தில் ஆண்டுக்கு 8,71,000 என்று 2025 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஜப்பான் 2021இலேயே தனிமைக்கென்று ஓர் அமைச்சரை வைத்தது. எங்களுக்கு அமைச்சர் வேண்டாம். எதிர்வீட்டில் கேட்கத் தெரிந்த ஓர் ஊழியர் போதும்.

கம்பளியும் வேண்டாம். மார்கழி வந்தால் சங்கங்கள் கொடுக்கின்றன, படமும் எடுத்துக்கொள்கின்றன. உங்கள் பட்டியலில் தனியாக இருக்கும் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும், அவர் சம்மதத்தோடு, பக்கத்து வீட்டார் ஒருவரின் செல்பேசி எண்ணை எழுத ஒரு கட்டம் போடுங்கள். அந்த எண்ணுக்குப் பேசாமல் எவர் பணத்தையும் நிறுத்தாதீர்கள். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊரிலும் சமுதாயக் கூடங்களும் சாவடிகளும் மகமை மண்டபங்களும் கல்யாணம் இல்லாத நாளில் பூட்டித்தான் கிடக்கின்றன. ஐப்பசி முதல் தை வரை சாயங்காலம் இரண்டு மணி நேரம் அவற்றைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள். சுக்குக் காப்பி எங்கள் செலவு. வயதானவர்கள் நாலு பேர் கூடினால், ஐந்தாமவர் ஏன் வரவில்லை என்று அவர்களே போய்ப் பார்த்துவிடுவார்கள். அதற்கு உங்கள் கள ஆய்வு தேவைப்படாது.

அந்த அம்மாவுக்கு நிறுத்திய மாதங்களின் பணத்தை நிலுவையோடு கொடுங்கள். கொடுத்துவிட்டு, அதைக் கருணை என்று மட்டும் செய்திக்குறிப்பில் எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
அதே தெருக்காரன்