ஏறினால் போதுமா? இறங்க வேண்டாமா?

மரம் ஏறுகிறவனுக்கு இறங்கவும் தெரிந்திருக்க வேண்டும். விண்வெளிக்குப் போகும் விமானத்துக்கும் இதே விதிதான்.

இந்தியாவின் ராக்கெட்டுகள் செயற்கைக் கோள்களை விண்ணில் விட்டு வருகின்றன. ஆனால், ராக்கெட்டு திரும்பி வருவது இல்லை. அதன் பகுதிகள் கடலில் விழுகின்றன. அல்லது எரிந்து போகின்றன. ஒரு தடவை ஓடிய பஸ்சை உடைத்துப் போட்டுவிட்டு, மறுநாளைக்குப் புது பஸ் செய்தால் டிக்கெட் என்ன விலை விற்கும்? ராக்கெட்டுச் செலவு ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

போன வண்டியே திரும்பி வந்தால்? அதற்குத்தான் இந்திய விஞ்ஞானிகள் "புஷ்பக்" என்ற விமானத்தைச் செய்து பார்க்கிறார்கள். இராமாயணத்தில் வரும் புஷ்பக விமானத்தின் பெயர் இது.

விமானி இல்லை, இஞ்சின் இல்லை!

கர்நாடக மாநிலம் சித்ரதுர்காவில் இதற்கான சோதனை நடந்தது. விமானப் படையின் "சினூக்" ஹெலிகாப்டர், புஷ்பக்கைத் தூக்கிக் கொண்டு நாலரை கிலோமீட்டர் உயரத்துக்குப் போனது. அங்கே அதை விட்டுவிட்டது.

புஷ்பக்கில் விமானி இல்லை. அதை ஓட்ட இஞ்சினும் இல்லை. சிறகை விரித்துச் சறுக்கும் பருந்தைப் போல அது காற்றில் சறுக்கியது. ஓடுபாதை எங்கே இருக்கிறது என்று தானே கண்டுபிடித்தது, தானே இறங்கியது.

முதல் சோதனை 2023 ஏப்ரல் 2-ல் நடந்தது. இரண்டாவது, 2024 மார்ச் 22-ல். மூன்றாவது, அதே ஆண்டு ஜூன் 23-ல். மூன்றாவது தடவை வேண்டும் என்றே ஓடுபாதையின் நேர் கோட்டில் இருந்து 500 மீட்டர் தள்ளி விட்டார்கள். காற்றும் பலமாக இருந்தது. அப்படியும் புஷ்பக் வழியைத் திருத்திக் கொண்டு வந்து சேர்ந்தது.

தரையைத் தொட்டபோது அதன் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல்! பயணிகள் விமானம் இறங்கும் வேகம் சுமார் 260 கிலோமீட்டர்தான். பின்புறம் ஒரு பாராசூட் விரிந்தது. வேகம் 100 கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்தது. பிறகு சக்கரத்தின் பிரேக் அதை நிறுத்தியது.

இன்னொரு விசேஷம்: இரண்டாவது சோதனையில் இறங்கிய அதே உடலைத்தான் மூன்றாவது சோதனைக்கும் பயன்படுத்தினார்கள்.

பாதிக் கிணறுதான்

வெற்றிதான், சந்தேகம் இல்லை. ஆனால், இது பாதிக் கிணறு தாண்டியது போலத்தான். இந்த மூன்று சோதனைகளிலும் புஷ்பக் விண்வெளிக்குப் போகவில்லை.

2016 மே 23-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து வேறொரு சோதனை விமானம் ராக்கெட்டில் ஏறிப் போனது. 65 கிலோமீட்டர் உயரம் வரை சென்று, ஒலியைப் போல் ஐந்து மடங்கு வேகத்தில் திரும்பி, வங்கக் கடலில் இறங்கியது. பூமியைச் சுற்றிவிட்டுத் திரும்பும் விமானமோ ஒலியைப் போல் சுமார் 25 மடங்கு வேகத்தில் காற்று மண்டலத்துக்குள் நுழைய வேண்டும்.

அந்த வேகத்தில் என்ன நடக்கும்? சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பு சூடாகிறது அல்லவா? நெருக்கப்பட்ட காற்று சூடாகும். விமானத்தின் முன்னால் உள்ள காற்று பயங்கரமாக நெருக்கப்படுகிறது. சிறகின் முனையில் 1,500 டிகிரிக்கு மேல் சூடு ஏறும். இரும்பும் உருகும் சூடு இது! கவசத்தில் ஒரு ஓட்டை இருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

கொலம்பியா தந்த பாடம்

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2003 ஜனவரி 16-ல் அமெரிக்காவின் "கொலம்பியா" விண்கலம் புறப்பட்டது. புறப்பட்ட ஒன்றரை நிமிடத்துக்குள், எரிபொருள் தொட்டியில் இருந்து ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து இடது சிறகில் மோதியது. கவசம் உடைந்தது. பிப்ரவரி 1-ல் திரும்பியபோது அந்த வழியாகச் சூடான வாயு உள்ளே புகுந்தது. தரை இறங்கச் சுமார் 16 நிமிடம் இருக்கையில் விண்கலம் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். இந்தியாவில் பிறந்த கல்பனா சாவ்லாவும் அவர்களில் ஒருவர்.

அமெரிக்கா 1981-ல் இந்த வகை விண்கலத்தை முதன்முதலாக விண்ணுக்கு அனுப்பியபோதே அதில் இரண்டு பேரை ஏற்றி அனுப்பியது. துணிச்சல்தான். ஆனால், 2011 வரை நடந்த 135 பயணங்களில் இரண்டு விண்கலங்கள் அழிந்தன. 14 பேர் உயிர் இழந்தார்கள். திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் செலவு குறையும் என்ற கணக்கும் பலிக்கவில்லை. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் விண்கலத்தைச் சீர் செய்யவே பெரும் பணமும் பல மாதங்களும் ஆயின.

ரஷியர்கள் வேறு வழியில் போனார்கள். அவர்களுடைய "புரான்" 1988 நவம்பர் 15-ல் ஆள் இல்லாமல் பூமியை இரண்டு தடவை சுற்றி, தானே ஓடுபாதையில் இறங்கியது. அமெரிக்காவும் பின்னர் ஆள் இல்லாத "எக்ஸ்-37பி" விமானத்தைச் செய்தது. அது ஒரு தடவை 908 நாட்கள் விண்ணில் இருந்துவிட்டு, 2022 நவம்பர் 12-ல் பத்திரமாக இறங்கியது.

பதறாத காரியம் சிதறாது

ஆள் இல்லாத விமானம் உடைந்தால் பணம் போகும், பாடம் மிஞ்சும். ஆள் இருக்கும் விமானம் உடைந்தால், ஏழு வீடுகளில் விளக்கு அணையும்.

ஆகவே, "எப்போது பறக்கும்? ஏன் தாமதம்?" என்று விஞ்ஞானிகளை விரட்டக் கூடாது. சோதனைக்குப் பணம் கொடுக்கத் தயங்கவும் கூடாது. புஷ்பக் வகை விமானம் முதலில் விண்ணுக்குப் போய்ப் பூமியைச் சுற்றட்டும். தீயைத் தாண்டித் தரைக்கு வரட்டும். ஒரு தடவை அல்ல, பல தடவை வரட்டும். ஒரு தடவை தோற்றாலும் கேலி பேசாமல், காரணத்தைக் கண்டுபிடித்து மறுபடியும் அனுப்ப வேண்டும். செலவு உண்மையிலேயே குறைகிறதா என்று கணக்கும் பார்க்க வேண்டும்.

அதன் பிறகு அதில் மனிதன் ஏறலாம். அதுவரை அந்த ஆசனம் காலியாகவே இருக்கட்டும்!