வானத்துக் கண் மட்டும் போதுமா?



1995-ல் பொக்ரானில் நம் நாடு அணுகுண்டுச் சோதனைக்குத் தயாரானதை அமெரிக்கச் செயற்கைக்கோள் படம் பிடித்துவிட்டது. சோதனை நின்றுபோனது. எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? ஒரே இடத்தின் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். புதுக் குழி, புது மண்மேடு இருந்தால் சந்தேகம்தான்.

1998-ல் நம் விஞ்ஞானிகள் இரவில் வேலை செய்தார்கள். விடியும் முன் வண்டிகளைப் பழைய இடத்திலேயே நிறுத்தினார்கள். அப்துல் கலாம் ஐயா ராணுவ உடையில் போனார். மே 11, 13 தேதிகளில் சோதனை நடந்தது. வானத்துக் கண் ஏமாந்துபோச்சு!

நம் மாவட்டக் கூடங்குளத்தையும் டீச்சர் கம்ப்யூட்டரில் காட்டினாங்க. பழைய படத்தில் வெறும் கடற்கரை. அடுத்த படத்தில் இரண்டு அணு உலைகள். 2002-ல் வேலை ஆரம்பித்து, 2013-ல் முதல் உலையில் கரண்ட் வந்ததாம்.

எங்க ஆச்சி ஊர் அந்தப் பக்கம்தான். ஆச்சியிடம் இதைச் சொன்னேன். “மேல இருந்து பாக்கான், சரி. உள்ள என்ன நடக்குன்னு நமக்கு யாருட்டி சொல்லுவா?” என்று கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியவில்லை.

படம் கூரையைத்தான் காட்டும், உள்ளே நடப்பதைக் காட்டாது. கரண்ட் வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா ஆபத்து வந்தா எங்க போகணும், என்ன செய்யணும்னு பக்கத்து ஊர்க்காரங்க எல்லாருக்கும் புரியுற தமிழில் சொல்லணும். ஒரு தடவை சொன்னா போதாது, வருஷா வருஷம் சொல்லணும். கேள்வி கேட்டா கோபப்படக் கூடாது.

மேலே இருந்து பார்க்கிறவங்களுக்குத் தெரிவது, கீழே வாழ்கிறவங்களுக்கும் தெரிய வேண்டாமா? சிந்திப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி